பெட்டி இல்லாமல் பாடச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

காலை ஷிப்ட் முடித்துவிட்டு மெஸ்ஸுக்குள் நுழையும்போதே உள்ளே ஒரே கத்தல். சாம்பாரில் பல்லி கில்லி விழுந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் ஒரு பேப்பரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று அடித்துக்கொள்கிறார்கள். படப்பையிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வரும் இலவசப் பேப்பர். எட்டுப் பக்கத்தில் ஏழு பக்கம் மனை விற்பனை, மிச்சத்தில் போர்வெல் போடுகிறவர் விளம்பரம். அதற்கு நடுவே ஒரு சின்னக் கட்டம் கட்டி, 'கடைசி வரிசைக்காரன்' என்று பேர் போட்டு, ஆயுத பூஜைக்கு நாங்கள் போட்ட நாடகத்தைப் பற்றி ஒருத்தன் எழுதியிருந்தான்.

மதுரைக்கார அண்ணன் அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். வெல்டிங் லைனில் இருக்கிறவர், சாதாரணமாகப் பேசினாலே மெஷினைத் தாண்டிக் கத்துகிற மாதிரித்தான் இருக்கும்.

"பழைய இசை நாடகத்தைத் தூசி தட்டி மறுபடி மேடையேற்றியவர்களின் துணிச்சலைப் பாராட்டுவோம். பாராட்ட வேறொன்றும் இல்லை. பட்டப்பகல் வியர்வையில் ராஜா, ராஜ்யத்தை இழப்பதற்கு முன்பே மீசையை இழந்தார். அரசி ஆற்றங்கரையில் உருகினார். குரல் மேலே போகவேண்டிய இடத்தில் அம்மணி வாயைத் திறந்தார், ஆர்மோனியம் பாடியது. அடுத்த முறை ஆர்மோனியத்துக்கே சேலை கட்டிவிடலாம்."

வாசித்து முடித்ததும் பேப்பரைக் கசக்கி எறிந்தார். எறிந்தது ரசவாளிப் பக்கமாகப் போய் விழுந்தது. அந்த வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்தான் அந்த அம்மணி.

மெஸ் நடத்துகிற அக்கா. மெஸ்ஸில் எல்லாருக்கும் அவர் அக்காதான், அறுபது வயதுக் காண்டிராக்டருக்கும் அக்கா. மானாமதுரைப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் தெற்கே திருவிழா திருவிழாவாக நாடகத்தில் ஸ்திரீபார்ட் வேஷம் கட்டியவர். கல்யாணம், பிள்ளை, புருஷன் போனது எல்லாம் முடிந்து, மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் இதுதான் என்று இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து, வாடகை வீட்டின் முன்னால் ஷீட் இறக்கி மெஸ் போட்டிருந்தார். சாப்பிட வருகிற பையன்கள், பொண்ணுகள் முக்கால்வாசி தென்மாவட்டம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று நாடகத்தைப் பார்த்து வளர்ந்த கூட்டம். அவர்களுக்கு அக்கா சோறு போடுகிறவர் மட்டும் இல்லை.

அக்கா குனிந்து பேப்பரை எடுத்து நீவிவிட்டு, தானும் ஒரு தடவை படித்தார். "ஏப்பா, ஆர்மோனியத்துக்கு என்ன கலர்ல சேலை எடுக்குமாம்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்தக் கடைசி வரிசைக்காரன் எதிரே இருந்தால் ரசத்தை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

கோபத்துக்குக் காரணம் அவன் பொய் எழுதினான் என்பதல்ல. அவன் எழுதியது நிஜம்.

அது தெரிந்தது மூன்றே பேருக்கு. அக்காவுக்கு, தெற்கேயிருந்து வந்து ஆர்மோனியம் வாசித்த பெட்டிக்காரருக்கு, எனக்கு. நான் காருக்கு வயரிங் கட்டும் கம்பெனியில் லைனில் நின்றவள், புதுக்கோட்டைப் பக்கம் ஊர். அக்கா மகள் பிரசவத்துக்குப் படுத்திருந்ததால், தாம்பரத்தில் தொண்டை டாக்டரிடம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். தொண்டைக்குள்ளே குரல் வருகிற இடத்தில் ஒரு கட்டி. முன்னமே ஒரு தடவை எடுத்தது, திரும்ப வந்திருந்தது. அந்த டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். கத்தக் கூடாது, பாடவே கூடாது, ஆபரேஷன் வரைக்கும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், மேலே இழுத்துப் பாடினால் பாட்டு மட்டும் இல்லை, பேச்சும் போய்விடும்.

"அப்ப சோறு வேணுமான்னு கூடக் கேக்க முடியாதா?" என்றார் அக்கா. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

இது தெரிந்தும் ஆயுத பூஜைக்கு ஏன் ஒத்துக்கொண்டார் என்றால், பையன்கள் காலில் விழாத குறையாகக் கேட்டார்கள். தென்பக்கத்து இசை நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகப் பேசிக் கூப்பிடுவார்கள், மேடையில்தான் எல்லாரும் சந்திப்பார்கள், தர்க்கமும் பாட்டும் அங்கேயே பிறக்கும். அதனால் அக்கா எங்கேயும் போய்ப் பழக வேண்டியதில்லை. பழைய பெட்டிக்காரரைக் கூப்பிட்டுவிட்டால் போதும். அவரும் அக்காவும் இளவயதிலிருந்து ஒரே மேடை. "கீழே நான் பாத்துக்கிறேன், மேலே நீங்க பாத்துக்குங்க" என்று அக்கா சொல்ல, அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

கதை இப்படி. ராஜா ஆற்று வெள்ளத்தில் போய்விடுவார். ராணி கரையில் நின்று அவரைக் கூப்பிடுவாள். பாட்டு மெள்ள மெள்ள ஏறி, கடைசியில் ஒரே இழுப்பாக மேலே போய் நிற்கும். அந்த இழுப்புக்காகத்தான் சனம் நாடகத்துக்கே போகும். ஆயுத பூஜை அன்று அந்த இடம் வந்தபோது அக்கா வாயைத் திறந்தார், பெட்டி ஏறியது, மண்டபம் அதிர்ந்தது. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருத்தனைத் தவிர.

இன்னொன்றும் இருந்தது. நாடகம் பகலில் நடந்தது. ராத்திரி வைத்தால் பாதிப் பேருக்கு நைட் ஷிப்ட், அதனால் மத்தியானம் ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடித்துவிட்டார்கள். அரிதாரம் பூசின ராஜாவை வெயிலில் பார்க்கக் கூடாது, ஆகாது என்று பெட்டிக்காரர் அன்றைக்கே முணுமுணுத்தார். நான் அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் விமர்சனம் வந்த நாளிலிருந்து அந்த வார்த்தை மனசில் வந்து வந்து போனது.

அந்த வாரம் முழுக்க மெஸ்ஸில் இதே பேச்சு. சாப்பிட வந்தவர்கள் சாப்பாட்டை மறந்தார்கள். தெற்கத்திக் கூட்டம் மொத்தமும் அக்கா கட்சி. எதிர்க்கட்சி என்று சொன்னால் ஒரே ஒருத்தர், மணிமங்கலத்துக்காரர். எங்கள் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், உள்ளூர் ஆள், தெருக்கூத்துப் பைத்தியம். தெற்கத்தி நாடகம் என்றாலே அவருக்கு இளக்காரம்.

"த பாரு நைனா, நான் முன்னால குந்திகினு இருந்தேன். பேப்பர்காரன் சொல்றது கரீட்டு. அந்த எடத்துல யக்கா கழுத்து நரம்பு பொடைக்கவே இல்ல. மேல இஸ்துப் பாடுறவளுக்கு நரம்பு பொடைக்காம இருக்குமா?"

"நரம்பு புடைச்சாத்தான் பாட்டுன்னா, எங்க லைன் சூப்பர்வைசர்தாய்யா பெரிய வித்வான்" என்றார் மதுரைக்கார அண்ணன். ஷீட்டே பறக்கிற மாதிரிச் சிரிப்பு.

"நீ சிரிச்சிகினே இரு. எங்க கூத்துல மைக்கு கீதா? பெட்டி காப்பாத்துமா? ஆளு நின்னு அடிச்சான்னா ஏரிக்கரை வரிக்கும் போவும். உங்களுது இன்னா, பொட்டியில கைய வெச்சா போதும், ராணி வாய மூடிகினாலும் பாட்டு வரும்."

"யோவ், அக்கா எங்க ஊர்ல பாடுனப்ப எனக்குப் பத்து வயசு. மூணு தெரு தள்ளிப் படுத்துக்கிட்டு இருந்த எங்கப்பா எந்திரிச்சு வந்தாரு. தெரியுமா ஒனக்கு?"

"அப்ப வந்தாரு. இப்ப வருவாரா?"

இதெல்லாம் அக்காவை வைத்துக்கொண்டே. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. கிரிக்கெட் பேசுகிற மாதிரி. அக்கா பொரியல் வைத்துக்கொண்டே ஒவ்வொருத்தர் வாயையும் பார்த்துக்கொண்டு போவார். "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்கிற குரலில் அப்போதே ஒரு கரகரப்பு. சட்டி அடியில் கரண்டி உரசுகிற மாதிரி. நான் ஒருத்தி மட்டும்தான் அதைக் கேட்டேனா, இல்லை எல்லாரும் கேட்டும் கேட்காமல் விட்டார்களா, தெரியாது.

புதன்கிழமை மணிமங்கலத்துக்காரர் அந்த வார்த்தையைச் சொன்னார். "சண்டை எதுக்கு? பொட்டி இல்லாம ஒரு தபா பாட சொல்லு. பாடிட்டாங்கன்னா நான் ஒத்துக்கறேன். இந்த மெஸ்ஸு வாசல்ல தோப்புக்கரணம் போடறேன், போதுமா?"

  மதுரைக்கார அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்து உதறினார்.

"பாடுவாங்க. தீபாவளி கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமை. அதே மண்டபம், அதே நாடகம். பெட்டி மேடையில இருக்கும், ஆனா ஆத்தங்கரைப் பாட்டுக்கு வாசிக்காது. அக்கா சார்பா நான் சொல்றேன்."

அக்கா சார்பா! அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்போடுதான் சொன்னார், அதுதான் கொடுமை. அக்கா சாம்பார் வாளியோடு அங்கேயே நின்றார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். "சரிப்பா" என்றார். அவ்வளவுதான்.

எல்லாரும் போனபிறகு பாத்திரம் கழுவுகிற இடத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் கோபமாகவே பேசினேன். "அக்கா, ஒங்களுக்கு என்ன கிறுக்கா? டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா? சொல்லிருங்க. தொண்டையில கட்டி, பாட முடியாதுன்னு சொன்னா இவுக என்ன தலையவா எடுத்துருவாக?"

"பாட முடியாதுன்னு சொன்னா, அப்ப பெட்டிதான் பாடுச்சுன்னு ஆயிரும்ல."

"பெட்டிதானக்கா பாடுச்சு."

அக்கா என்னை முறைத்தார். பிறகு சிரித்தார். "ஏடி, ஒரு தடவைதான். ஒரே ஒரு தடவை மேல போயிட்டு எறங்கி வந்துர்றேன். இன்னும் ரெண்டு வாரம் பேச்சக் கொறைச்சுக்கிட்டு, பனங்கற்கண்டு மெளகு போட்டுக் குடிச்சா ஒரு தடவைக்குத் தாங்கும். எனக்குத் தெரியாதா என் தொண்டைய? பாடத் தெரியாதவன்னு பேரெடுக்கிறதுக்கு ஊமையாப் போயிரலாம்."

"வாயில நல்ல வார்த்தையே வராதா ஒங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். அக்கா திரும்பித் தொட்டியில் துப்பினார். உடனே தண்ணீரை ஊற்றிவிட்டார், ரொம்ப வேகமாக.

ஒரு தடவைக்குத் தாங்கும். ஆனால் நாடகத்தில் ஒரு தடவை என்பது ஆடியன்ஸ் கையில் இருக்கிறது. ஒன்ஸ்மோர் என்று கேட்டுவிட்டால் பாடித்தான் ஆகவேண்டும், மாட்டேன் என்று சொன்ன ஆர்ட்டிஸ்டை அந்தப் பக்கம் மறுபடி கூப்பிட மாட்டார்கள். அதெல்லாம் ஊர்க்கட்டுப்பாடு மாதிரி, எழுதி வைத்ததில்லை, மீறினதும் இல்லை. அக்காவிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துவிட்டது. கட்டியைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிவிட்டார். அதனால் நான் வேறு வழியில் போனேன்.

முதலில் மதுரைக்கார அண்ணனிடம். "அண்ணே, அக்காவுக்குத் தொண்ட சரியில்லண்ணே. அன்னைக்கு யாரும் ஒன்ஸ்மோர் மட்டும் கேக்காமப் பாத்துக்குங்க."

"எந்த ஆர்ட்டிஸ்டுக்குத்தா தொண்ட சரியா இருந்திருக்கு? இதப் போய் வெளிய சொல்லிராத. அந்த வேன்காரன் பாத்தியா பாத்தியாம்பான்." அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்து இறங்கி வந்தார். "சரி, சரி. நம்ம பயலுகள நான் பாத்துக்கிறேன். ஒரு தடவை பாடுனாலே நாம ஜெயிச்சோம். எதுக்கு ஒன்ஸ்மோரு? ஒருத்தன் வாயத் தெறக்க மாட்டான்." மறுநாளே அக்காவுக்கு ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தார், நல்ல மனுஷன்.

அடுத்து வேனில் ஏறும்போது மணிமங்கலத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரிடமும் அதையே சொன்னேன். ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "இன்னாமே பேசற நீ? எதிர்க்கட்சிக்காரன் எங்கனா ஒன்ஸ்மோர் கேப்பானா? நான் அங்க வர்றதே யக்கா எங்க வழுக்கி வுழுவாங்கன்னு பாக்கத்தான்."

அந்த வார்த்தையில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்றுகூட ஞாபகம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் மழையோடு திரும்பி வந்தார்கள். அந்த வருஷம் மழை விடவே இல்லை. ஒரகடம் ரோட்டில் தோண்டிப் போட்ட இடமெல்லாம் செம்மண் குளம். பஸ் ஸ்டாப்பில் மதுரைக்கார அண்ணன் ஒட்டின போஸ்டர் நனைந்து, 'சவாலுக்குப் பதில்' என்கிற எழுத்து ஊதா ஊதாவாக வழிந்துகொண்டிருந்தது. நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு வேன் ஏறுவேன். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் வழிந்திருக்கும். மழையில் நாடகம் நின்று போகாதா என்று வேண்டிக்கொண்டேன். மழைதான் நிற்கவில்லையே தவிர, நாடகம் நிற்கிற மாதிரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பிப் பிதுங்கியது. முன் தடவையை விட இரண்டு மடங்கு கூட்டம். அந்த விமர்சனம்தான் அத்தனை பேரையும் இழுத்து வந்தது. ஆர்மோனியத்துக்குச் சேலை கட்டிவிட்டார்களா என்று பார்க்க வந்தவர்கள் பாதி. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் நான் பார்த்துக்கொண்டே வந்தேன். எவன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாரும் சாதாரண ஆட்களாகத்தான் இருந்தார்கள்.

தகரக் கூரை. மழை மேலே கொட்டுகிற சத்தத்தில் ராஜபார்ட் பேசினது பாதி கேட்கவில்லை. பகல்தான், ஆனால் உள்ளே விளக்குப் போட வேண்டிய இருட்டு. நான் மேடைக்குப் பக்கத்தில் தடுப்புக்குப் பின்னால் நின்றேன், அக்காவுக்கு வெந்நீர் பிளாஸ்க்கோடு. ஆற்றங்கரைக் காட்சி வந்தது. பெட்டிக்காரர் எல்லாரும் பார்க்க, பெட்டியின் துருத்தியை மூடிக் கொக்கியை மாட்டினார். இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மண்டபம் கப்சிப் என்று ஆனது. மழைகூடக் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

அக்கா ஆரம்பித்தார்.

சும்மா சொல்லக் கூடாது. நான் அதற்கு முன்னாலும் அப்படி ஒரு பாட்டுக் கேட்டதில்லை, பின்னாலும் இல்லை. கீழே கரகரவென்றுதான் இருந்தது, ஆனால் அந்தக் கரகரப்பே அழுது அழுது தொண்டை கட்டின பொம்பளையின் குரலாக இருந்தது. மேலே ஏறினார். ஏறிக்கொண்டே போனார். கழுத்து நரம்பு இரண்டு பக்கமும் கயிறு மாதிரிப் புடைத்தது. கடைசி இழுப்புக்குப் போய், அங்கே நின்று, ஆடாமல், அசையாமல் நின்று, இறங்கினார்.  முடிந்தது, ஆத்தா, முடிந்துவிட்டது, ஒரு தடவை போய்விட்டு வந்துவிட்டார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

 அப்புறம் முன்வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்து நின்றார். மணிமங்கலத்துக்காரர். கண்ணெல்லாம் தண்ணீர். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"ஒன்ஸ்மோர்! யக்கா, ஒன்ஸ்மோர்!"

அவர் தோற்றுப்போன சந்தோஷம் அது. நான் யோசித்துப் பார்த்தால், அந்த மண்டபத்தில் அவரைப் போல யாரும் அந்தப் பாட்டைக் கேட்டிருக்க மாட்டார்கள். குற்றம் கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் அல்லவா, ஒரு துளி விடாமல் கேட்டுவிட்டார். அவர் குரலைத் தொடர்ந்து மண்டபமே எழுந்து கத்தியது. நான் தடுப்பிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். யார் பார்த்தார்கள்?

அக்கா கும்பிட்டார். இரண்டாம் தடவை பாடினார். மேலே போனார். போன இடத்தில் ஒரு சின்னக் கீறல் கேட்டது. எனக்குக் கேட்டது, பெட்டிக்காரருக்குக் கேட்டது, அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது. ஆனால் இறங்கிவிட்டார். எப்படியோ இறங்கிவிட்டார்.

நான் மதுரைக்கார அண்ணனைத் தேடினேன். அவர் நடுவில் தன் ஆட்களை அடக்கிக்கொண்டுதான் இருந்தார், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற. ஆனால் பக்கத்திலிருந்த பையன் அவர் காதில் என்னவோ சொன்னான். என்ன சொன்னான் என்று அப்புறம் தெரிந்தது. "அண்ணே, அந்தாளே கேட்டுட்டான். நம்ம அக்காவுக்கு நாம கேக்கலைன்னா அசிங்கம்ணே." அண்ணன் மூஞ்சி மாறியது. எழுந்து நின்றார். லைனில் மெஷினைத் தாண்டிக் கத்துகிற அந்தக் குரலில் கேட்டார், ஒன்ஸ்மோர்.

அக்கா பெட்டிக்காரரைப் பார்த்தார். பெட்டிக்காரர் கை கொக்கிக்குப் போனது. அக்கா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ரொம்பச் சின்னதாக. பிறகு மூன்றாம் தடவை ஆரம்பித்தார். பாதி வரை வந்தது. ஏறுகிற இடத்தில் வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

வாய் திறந்தபடி இருந்தது. கை ஆற்றைப் பார்த்து நீண்டபடி இருந்தது. நரம்பு புடைத்தபடி இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா அப்படியே நின்றார், இழுப்பு எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரமும். முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ராணிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் வற்றிப்போய்விட்டது என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள். என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று எனக்குப் பின்னால் ஒருத்தர் சொன்னார். திரை விழுந்ததும் அந்தக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிக் கைதட்டல்.

திரைக்கு இந்தப் பக்கம் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். துண்டை வாயில் வைத்து எடுத்தார். துண்டைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா ஒரு விரலை உதட்டில் வைத்தார். வெளியே கைதட்டல் நிற்கவே இல்லை. பெட்டிக்காரர் பெட்டியை மூடி, அதன் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். அக்காவைத் திட்டி என்ன செய்வது என்று நினைத்திருப்பார். பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மெஸ்ஸை அக்கா ஒருநாள் கூட மூடவில்லை. பேசாமல் பரிமாறினார். யாருக்கும் சந்தேகமே இல்லை. மூன்று தடவை அப்படிப் பாடினவர் ஒரு வாரம் மௌனமாக இருக்கமாட்டாரா? "யாரும் அக்காவப் பேச வச்சு இம்சை பண்ணாதீக, தொண்டை ஓய்வெடுக்கட்டும்" என்று மதுரைக்கார அண்ணன் வாசலிலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். மணிமங்கலத்துக்காரர் சொன்னபடி தோப்புக்கரணம் போட்டார், எல்லாரும் எண்ணினார்கள், அக்காவும் சிரித்தார். சத்தமில்லாமல். நான் வாயைத் திறக்கப் போனபோதெல்லாம் அக்கா என்னைப் பார்த்தார். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்களே, இருக்கட்டுமே என்கிற பார்வை.

வெள்ளிக்கிழமை பேப்பர் வந்தது.

இந்தத் தடவை வாசித்தவர் மணிமங்கலத்துக்காரர். கையில் ஒரு டப்பா ஜாங்கிரியோடு வந்திருந்தார். இரண்டு கட்சியும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சென்ற முறை எழுதியதற்காகக் கடைசி வரிசைக்காரன் மன்னிப்புக் கேட்கிறான். குரல் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்று இரண்டு முறை காட்டினார். மூன்றாம் முறை குரலே இல்லாமல் காட்டினாரே, அந்த மௌனம்தான் இந்த நாடகத்தின் உச்சம். இனி அந்த இடத்தில் எந்த ராணியும் பாடக் கூடாது."

ஆகாகா என்று கத்தல். தட்டில் கரண்டியால் தட்டினார்கள். மணிமங்கலத்துக்காரர் பேப்பரை மடித்து அக்கா கையில் கொடுத்து, ஒரு ஜாங்கிரியையும் வைத்தார். "யக்கா, ஓய்வெல்லாம் போதும். அவனே மன்னிப்புக் கேட்டுட்டான். நீயே உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு. என்னைத் திட்டறதா இருந்தாலும் திட்டு."

"பேசுங்கக்கா" என்றார் மதுரைக்கார அண்ணன்.

பின்னால் யாரோ ஒரு பையன் விளையாட்டாக ஒன்ஸ்மோர் என்றான். எல்லாரும் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்கள். ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர் என்று மெஸ் முழுக்க ஒரே தாளத்தில் கைதட்டல்.

அக்கா அவர்களைப் பார்த்தார். மேடையில் கும்பிட்ட மாதிரியே கும்பிட்டார். ரசிகர்கள் கேட்டால் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். வாயைத் திறந்தார்.

காற்று வந்தது. வெறும் காற்று. அக்கா மறுபடி முயற்சி செய்தார். நரம்பு புடைத்தது.

முதலில் மதுரைக்கார அண்ணன் கை நின்றது. அப்புறம் அவர் பக்கத்தில், அப்புறம் அடுத்த பெஞ்சில். கடைசியாக அந்தப் பையன் மட்டும் புரியாமல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினான். ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை. எல்லாரும் அக்கா கழுத்தையே பார்த்தார்கள்.

அக்கா வாயை மூடிக்கொண்டார். ஜாங்கிரியை ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து சாம்பார் வாளியை எடுத்தார். கரண்டியால் வாளி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, மணிமங்கலத்துக்காரரை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை. மற்ற யாருக்கும் விளங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் வைக்கவான்னு கேக்குறாக" என்று நான் சொன்னேன்.

மணிமங்கலத்துக்காரர் உட்கார்ந்தபடியே தட்டை இரண்டு கையாலும் மூடினார். "போதும் யக்கா" என்றார். "போதும், போதும்."